மொட்டைக்கு ஒரு ஆணி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர்ப் பெண்கள் கறிக்கடைக்குப் போவார்கள், இல்லையென்றால் சர்ச்சுக்குப் போவார்கள். என் அக்கா குஸ்திக்காரர்களைத் தேடிக்கொண்டு போவாள். ஜட்டி மட்டும் போட்டுக்கொண்டு, புஜத்தை மடக்கிக் காட்டியபடி, உள்ளங்கை அளவு அட்டையில் நிற்கிற வெளிநாட்டுக் குஸ்திக்காரர்கள். ட்ரம்ப் கார்டு என்று சொன்னால் எங்கள் வயதுக்காரர்களுக்கு உடனே தெரியும். அக்காவுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. ஆண்டர்சன்பேட்டையில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற, பிகோ அடிக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறாள். பார்த்தால் கண்டிப்பான ஹெட்மிஸ்ட்ரஸ் என்றுதான் நினைப்பார்கள். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "கார்டு எதுனா கீதா? ஓட்ட போட்ட கார்டு?" என்று கேட்கும்போது புது வியாபாரிகள் முழிப்பார்கள்.

நானும் கூடப் போவேன். வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடுகிறவள் நான். தூங்குவதற்கு ஞாயிறு ஒன்றுதான் கிடைக்கும். அக்கா அதையும் விடமாட்டாள். "தூங்கி இன்னாத்த சாதிக்கப் போற, எழுந்து வா" என்று கதவைத் தட்டுவாள். திட்டிக்கொண்டேதான் போவேன். ஆனால் அவள் தேடுவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதை இங்கே சொல்லிவிடலாம், அவள் முன்னால் சொல்ல மாட்டேன்.

சந்தை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பஜார் கடைகள் திறப்பதற்கு முன்னால் அவற்றின் வாசலிலேயே தார்ப்பாயும் சாக்கும் விரித்துப் பழைய சாமான்களைக் கொட்டி வைப்பார்கள். மூடி இல்லாத மிக்ஸி ஜார், எனாமல் குவளை, ரேடியோ திருகு, சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் கம்பிக்கூடு, எந்தத் துரை வீட்டிலிருந்தோ வந்த சூப் கிண்ணம், நசுங்கிய சுரங்கத் தொப்பி. ஒருவர் கன்னடத்தில் விலை கேட்பார், கடைக்காரர் தெலுங்கில் சொல்வார், பக்கத்துச் சாக்குக்காரர் தமிழில் நடுவே புகுந்து பேரத்தைக் கெடுப்பார். எங்கள் ஊரில் பேரம் மூன்று பாஷையிலும் நடக்கும், சண்டை மட்டும் தமிழுக்கு வந்துவிடும்.

இந்தக் குவியலில் அக்கா முதலில் கண்ணால் தேட மாட்டாள். பிஸ்கட் டப்பா ஒன்றைக் கண்டால் போதும், அதில் விரல்களை விட்டுத் துழாவுவாள். கோலிக்குண்டு, சாவிக்கொத்து, பழைய கல்யாணப் பத்திரிகை, சினிமா டிக்கெட்டின் கிழிந்த பாதி என்று எல்லாவற்றையும் தாண்டி விரல் கார்டில் போய் நிற்கும். எடுத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துவிடுவாள். ஓட்டை இல்லாவிட்டால் அப்படியே டப்பாவில் போட்டுவிடுவாள். பெங்களூரிலிருந்து கார்டு சேர்க்கிறவர்களும் எப்போதாவது வருவார்கள். அவர்களுக்கு மடங்காத, கீறாத கார்டுதான் வேண்டும். ஓட்டை விழுந்ததைத் தொடக்கூட மாட்டார்கள். ஆகவே அவர்களுக்கும் அக்காவுக்கும் போட்டியே வந்ததில்லை.

ஓட்டைக்கு என்ன காரணம் என்று சொல்லாவிட்டால் அக்காவை யாருக்கும் புரியாது.

நாங்கள் நந்திதுர்க் பக்கம் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர்கள். அப்பா டிம்பர்மேன். கீழே பாறை சரியாமல் இருக்க மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. சுரங்கத்தில் ஒரு பலகை உண்டு, அதில் வரிசையாக ஆணி. ஒவ்வோர் ஆளுக்கும் நம்பர் போட்ட பித்தளை வில்லை ஒன்று அதில் தொங்கும். ஷிப்டுக்கு இறங்கும்போது வில்லையை எடுத்துக்கொண்டு போவார்கள், ஏறி வந்ததும் திரும்ப ஆணியில் மாட்டுவார்கள். ஷிப்டு முடிந்த பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். இதை எங்களுக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தானாகத் தெரியும்.

ட்ரம்ப் கார்டு வந்த காலத்தில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் எப்படி ஆடினார்களோ தெரியாது. ஒவ்வொரு கார்டிலும் குஸ்திக்காரனின் உயரம், எடை, ஜெயித்த சண்டை, ராங்க் எல்லாம் அச்சடித்திருக்கும். ஒருவர் "எடை" என்று கூப்பிட்டால் யார் கார்டில் எடை அதிகமோ அவருக்கு எதிராளியின் கார்டு. ஜெயித்தது ஜெயித்தவனுக்கே சொந்தம் என்பதுதான் உலக வழக்கம். எங்கள் லைனில் அந்த வழக்கம் செல்லாது. கார்டுக்கு ஓட்டை போட்டு, ஆணி அடித்த பலகையில் தொங்கவிட்டிருப்போம். ஆட எடுத்தால் கார்டு கீழே இறங்கிவிட்டது என்று கணக்கு. யார் எத்தனை ஜெயித்தாலும் பொழுது சாய்ந்ததும் எல்லாக் கார்டும் ஆணிக்கு வந்துவிட வேண்டும். கீழே போனவன் மேலே வந்தாக வேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஜெயித்ததை வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆசை எங்களில் யாருக்கும் வந்ததில்லை என்பதை இன்று நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

எங்கள் பலகையை அடித்துக் கொடுத்தவர் அப்பா. பலகைக்கு அதிகாரி அக்கா. யாரும் அவளை நியமிக்கவில்லை, தானே போய் நின்றுகொண்டாள். சாயங்காலம் இடுப்பில் கை வைத்து நின்று ஒவ்வோர் ஆணியாகப் பார்ப்பாள். கடைசி ஆணி நிறைந்ததும் லைன் கோடி வரை கேட்கிற மாதிரி, "எல்லாரும் ஏறியாச்சு" என்று ஒரு குரல் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் பிள்ளைகள் சாப்பிடப் போகலாம். ஒருமுறை ஒரு கார்டு சாக்கடையில் விழுந்துவிட்டது என்று அழுதவனைச் சாக்கடையில் இறங்க வைத்து, எடுத்து வந்து கழுவிக் காயவைத்து ஆணியில் மாட்டின பிறகுதான் விட்டாள். அவன் அம்மா சண்டைக்கு வந்தாள். அக்கா அசையவில்லை. "உங்க வீட்டுக்காரரு கீழயே இருந்தா நீங்க சாப்புடுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மா திரும்பிப் போனாள்.

அந்தந்த லைனுக்கு ஓட்டை போடுகிற இடமும் வேறு. எங்களுடையது இடது மேல் மூலை. ஜாமெட்ரி பாக்ஸ் கவராயத்தின் முனையை மெழுகுவத்தியில் காய்ச்சி அக்காதான் குத்துவாள், அதனால் ஓட்டையைச் சுற்றிக் கருகின வளையம் இருக்கும். அடுத்த லைனில் நடு உச்சியில் ஆணியால் அடித்திருப்பார்கள், அட்டை பின்பக்கம் பிதுங்கி நிற்கும். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த லைனில் பஞ்சிங் மெஷினால் போட்ட வட்டமான ஓட்டை, அங்கே ஒரு பையனின் அப்பா ஆபீசில் வேலை. பெரிய எஞ்சினியரிங் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் ஓட்டையே போட மாட்டார்கள். ரப்பர் பேண்டு கட்டி டப்பாவில் வைத்திருப்பார்கள். அவர்கள் அப்பாக்கள் தரைக்கு மேலே வேலை செய்கிறவர்கள், அவர்களுக்கு எதற்கு ஆணி?

எங்கள் கார்டுகளில் மொட்டை என்று ஒருவன் இருந்தான். நாங்கள் வைத்த பேர்தான், அட்டையில் இருந்த இங்கிலீஷ் பேர் எங்கள் வாயில் நுழையவில்லை. வழுக்கைத் தலை, முறுக்கின மீசை, தொப்பை. எடை மட்டும் எல்லாரையும்விட அதிகம். மற்ற எதைக் கூப்பிட்டாலும் தோற்பான். அவனைக் கையில் வைத்திருப்பவர்கள் "எடை, எடை" என்று சாமியை வேண்டிக்கொள்வார்கள். அப்பாவுக்கு அவன்மேல் தனிப் பிரியம். ஆணியில் தொங்குகிறவனைப் பார்க்கும்போதெல்லாம் தானாகச் சிரித்துக்கொள்வார். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

ஒருநாள் சாயங்காலம் மொட்டை ஆணிக்கு வரவில்லை.

அக்கா எங்கள் எல்லாருடைய பள்ளிப் பையையும் உதறினாள். டவுசர் பாக்கெட்டுகளைத் திருப்பினாள். யாரும் அன்றைக்கு மொட்டையைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தோம். அவள் குரல் கொடுக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவி வீட்டுக்குப் போனார்கள். அக்கா மட்டும் சாப்பிடாமல் பலகையின் கீழே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அப்பா செகண்டு ஷிப்டு. அவர் வருகிற நேரத்துக்கு முன்னால் தரை ஒரு குலுக்குக் குலுக்கியது, அலமாரியில் பாத்திரங்கள் ஆடின. ஏர்பிளாஸ்ட் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், பூமிக்குள் பாறை வெடித்துத் தெறிப்பது. சின்னச் சின்னதாக அடிக்கடி வரும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அன்றைக்கு வந்ததுக்கு எல்லாரும் வாசலுக்கு ஓடி வந்தார்கள். அம்மா செருப்பு கூடப் போடாமல் சுரங்க ஷாஃப்டுப் பக்கம் ஓடினாள்.

அப்பா மறுநாள் காலையில் வந்தார். முகம் முழுக்கப் புழுதி, கண் மட்டும் தெரிந்தது. அவருடைய கேங்க் மொத்தமும் வேறு வழியாகச் சுற்றி ஏறி வந்துவிட்டது என்று லைன் பூராவும் கொண்டாடினார்கள். அக்கா அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா வந்துட்டாரு. ஆனா ஒருத்தன் கீழயே கீறான்" என்றாள். எனக்கு அப்போது எட்டு வயதிருக்கலாம். அவள் சொன்ன விதத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது.

அப்பாவிடமும் கேட்டாள். "வரும்டி, எங்க போயிடப் போவுது" என்றார். கொஞ்ச நாள் கழித்துப் புதுக் கார்டுக் கட்டு ஒன்றே வாங்கி வந்து கொடுத்தார். அதில் புது மொட்டை பளபளவென்று இருந்தான். அக்கா அவனுக்கு ஓட்டை போட மறுத்துவிட்டாள். "இவன் புது ஆளு. அவன் இடத்துல இவன எப்படி மாட்றது?" என்றாள். அப்பா எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து அக்கா "எல்லாரும் ஏறியாச்சு" என்று குரல் கொடுத்ததே இல்லை. நாங்கள் வளர்ந்தோம், சுரங்கத்தை மூடினார்கள், லைன் பிள்ளைகள் ஆளுக்கொரு ஊராகப் போனார்கள். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். பலகை இப்போது அக்காவின் கடையில், தையல் மெஷினுக்கு மேலே இருக்கிறது. எல்லா ஆணியிலும் குஸ்திக்காரர்கள். ஓர் ஆணி மட்டும் காலி. தெரியாமல் யாராவது அதில் அளவு நாடாவையோ பையையோ மாட்டினால் அவர்களுக்குப் பிகோவும் கிடையாது, ஃபால்ஸும் கிடையாது.

அந்த மொட்டைக்காகத்தான் ஞாயிறுதோறும் அக்கா அலைகிறாள். லைன் வீடுகளைக் காலி செய்கிறவர்களின் சாமான் எல்லாம் கடைசியில் இந்தச் சாக்குகளுக்குத்தானே வந்து சேர வேண்டும், யாராவது எடுத்துப் போயிருந்தால் இங்கே வருவான் என்பது அவள் நம்பிக்கை. அவன் கிடைக்கவில்லை. ஆனால் தேடப் போன இடத்தில் மற்ற லைன்களின் ஓட்டை விழுந்த கார்டுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. அவள் அவற்றை விட்டுவிட்டு வர மனசில்லாமல் வாங்கினாள். வாங்கினதைச் சேர்த்து வைத்துக்கொள்ளவும் மனசில்லை. ஓட்டையைப் பார்த்து எந்த லைன் என்று கண்டுபிடித்து, அந்த லைனில் அப்போது பலகை வைத்திருந்தது யார் என்று விசாரித்து, திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு அக்காவை நினைத்துப் பெருமையாக இருக்கும். காசு பண்ணுகிற காரியமில்லை, பேர் வாங்குகிற காரியமுமில்லை. ஊரில் பாதிப் பேர் அவளைப் பைத்தியம் என்றே நினைக்கிறார்கள். அவள் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்குத் தபால்காரி நான். பெங்களூர் ரயிலில் தினமும் போகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் லைன்களின் பழைய பிள்ளைகள். தலை நரைத்து, தோளில் லேப்டாப் பை மாட்டின ஒருவரிடம் போய், "அண்ணா, இது உங்க லைன் கார்டான்னு அக்கா கேக்கச் சொன்னா" என்று ஜட்டி போட்ட குஸ்திக்காரனை நீட்டுவது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத்தான் தெரியும். முதல் தடவை அப்படி நீட்டியபோது அவர் கார்டை வாங்கி, பின்பக்கம் பிதுங்கின ஓட்டையைக் கட்டைவிரலால் தடவினார். அப்புறம் அடுத்த ஸ்டேஷன் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது, "உங்க அக்கா இன்னும் அப்படியேதான் கீறாங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்படியேதான் என்றேன்.

எல்லாரும் அப்படி இல்லை. ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்த கார்டை, அக்கா வாசல் தாண்டுவதற்குள் ஆடுகிற மேஜையின் காலுக்கு அடியில் மடித்துச் சொருகிவிட்டார்கள். அக்கா திரும்பிப் போய், மேஜையைத் தூக்கச் சொல்லி, கார்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இன்னொரு தடவை, நல்லது செய்வதாக நினைத்து ஒரு வியாபாரி ஓட்டைக் கார்டுகளை எல்லாம் லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். ஓட்டை மறைந்து பளபளவென்று இருந்தன. அவர் பாராட்டை எதிர்பார்த்து நின்றார். அக்கா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இன்னா மேஸ்திரி, ஆளுக்கு மூச்சே வுட முடியாம பண்ணிட்டீங்களே" என்றாள். எல்லாவற்றையும் வாங்கி வந்து, கடையில் தையல் ஊசியைக் காய்ச்சி, பிளாஸ்டிக்கின் மேலேயே பழைய ஓட்டைகளைத் திறந்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன மழைக்காலத்துக்கு அப்புறம் ஒரு ஞாயிறு. வழக்கமான சாக்குகளைத் தாண்டி, கடைசியில் ஒரு பெரியவர் பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். வியாபாரி இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. சாமான்களை விற்கிற மாதிரி பரப்பாமல், வீட்டில் அடுக்குகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தார். தலையைச் சுற்றி மஃப்ளர். மகன் ஓசூரில் வீடு கட்டியிருக்கிறான், கூட்டிக்கொண்டு போகப் போகிறான், லைன் வீட்டைக் காலி செய்கிறோம் என்று கேட்காமலே சொன்னார். அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஐயா, கார்டு ஏதாவது கீதா? பசங்க ஆடுற கார்டு. ஓட்ட போட்டது."

"கார்டா? அதெல்லாம் ஏதும்மா. என் பசங்க ஆடினது எப்பவோ போயிடுச்சு. நீ யாரத் தேடற?"

எங்கள் ஊரில் எல்லாரும் அக்காவிடம் "எதைத் தேடற" என்றுதான் கேட்பார்கள், "யாரை" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ, அவள் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"மொட்டத் தலையா ஒருத்தன், ஐயா. முறுக்கு மீச. வெயிட்டு மட்டும்தான் ஜாஸ்தி, மத்த எல்லாத்துலயும் தோத்துடுவான். இடது பக்க மூலையில ஓட்ட, சுத்திக் கருகியிருக்கும்."

பெரியவர் அவளையே பார்த்தார். அப்புறம் மெதுவாக மஃப்ளரை அவிழ்த்தார். வழவழவென்ற தலை. மீசை வெளுத்திருந்தது, ஆனால் முனை இன்னும் மேலே முறுக்கியிருந்தது.

"இந்த மாதிரியாம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை, கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"நீ டிம்பர்மேன் பொண்ணுதானே? பலகையில கணக்குப் பாக்குற பொண்ணு?" என்றார் அவர். "உங்க அப்பனும் நானும் ஒரே கேங்க். அந்தக் கார்ட எடுத்துக்கினு வந்தது அவன்தாம்மா. 'பாருடா, உன் போட்டோவ வெளிநாட்டுல அச்சடிச்சு விக்கறான்'னு சொல்லிச் சொல்லி என்னை வெறுப்பேத்திக்கினு இருந்தான். நான் நம்பல. நம்பலன்னதும் அன்னிக்கு செகண்டு ஷிப்டுக்குக் கொண்டாந்துட்டான். சோறு துன்ற எடத்துல, அவன் குடுத்த மரத்துலயே ஒரு ஆணி அடிச்சு மாட்டினான். கேங்க்கே என்னைப் பாத்துச் சிரிச்சுது. 'ஷிப்டு முடிஞ்சதும் எடுத்துக்கினு போயிடணும், இல்லன்னா என் பொண்ணு பலகைக் கணக்க முடிக்க மாட்டா'ன்னு அவனே சொன்னான்."

பக்கத்துச் சாக்கில் யாரோ கன்னடத்தில் ஒரு குக்கருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பதான் ஏர்பிளாஸ்ட் வந்துது" என்றார் பெரியவர். "லைட்டு இருந்தும் நாலடிக்கு மேல ஒண்ணும் தெரியல, அவ்வளவு புழுதி. பின்னால வழி கீதுன்னு தெரிஞ்சு எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினோம். உங்க அப்பன் மட்டும் திரும்பினான். 'கார்டு'ன்னான். நான் அவன் பெல்ட்டப் புடிச்சு இழுத்துக்கினு வந்தேன். 'உசுரு பெருசா, கார்டு பெருசாடா'ன்னு நல்லாத் திட்டினேன். நாங்க அந்தாண்ட போனப்புறம் அந்த எடத்துக்கு யாரும் போவல. கம்பெனியே அத்த மூடிட்டாங்க."

"அப்பா எங்ககிட்ட சொல்லவே இல்லியே, மாமா" என்றேன் நான். ஐயா எப்போது மாமாவானார் என்று எனக்கே தெரியவில்லை.

"கீழ நடக்கறத மேல பேச மாட்டோம்மா. பேசினா பொம்பளைங்க நாளைக்கு அனுப்ப மாட்டாங்க. என் வீட்டுலயும் நான் சொன்னதில்ல. இப்பதான் சொல்றேன்."

அக்கா குனிந்தே இருந்தாள். கண்ணீர் பெட்ஷீட்டில் சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. நான் அவள் தோளைத் தொட்டேன். அப்பா தனக்காக அந்தப் புழுதியில் திரும்பினார் என்பதை நினைத்து அழுகிறாளா, திரும்பியவர் வராமல் போயிருந்தால் என்று நினைத்து அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டுக்கும் சேர்த்து அழுகை வந்தது. புதுக் கார்டுகளை வாங்கி வந்து கொடுத்துவிட்டு, எழுந்து வெளியே போன அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. அத்தனை வருஷமும் அந்தக் காலி ஆணியைப் பார்த்துக்கொண்டேதான் அவரும் வீட்டில் சோறு சாப்பிட்டிருக்கிறார்.

கடைசியில் அக்கா தலையைத் தூக்கினாள்.

"ஆணியிலதான் மாட்டினாரா, மாமா? நல்லாப் பாத்தீங்களா?"

"ஆணியிலதாம்மா. டிம்பர்மேன் அடிச்ச ஆணி, லேசுல வுழுமா? உங்க அப்பனப் புடிச்சு இழுக்கும்போது கிட்டத்துல பாத்தேன், தொங்கிக்கினுதான் இருந்தான்."

"அப்ப சரி" என்றாள் அக்கா. "அவனும் ஆணியிலதான் கீறான்."

பெரியவருக்குப் பலகையைப் பார்க்க வேண்டுமாம். சாமானைப் பக்கத்துச் சாக்குக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எங்களோடு வந்தார். அக்கா கடையின் ஷட்டரைத் தூக்கினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, குஸ்திக்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு காலி ஆணியை விரலால் அசைத்துப் பார்த்தார், அது அசையவில்லை. "அவன் அடிச்சதுதான்" என்றார். அதில் இப்போது எதையாவது மாட்டப் போகிறாளா என்று நான் அக்காவைப் பார்த்தேன். அப்பா வாங்கி வந்த புது மொட்டை மேஜை டிராயரில்தான் இருந்தான். அவள் டிராயர் பக்கம் போகவில்லை.

இடுப்பில் கை வைத்து நின்றாள். முதல் ஆணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். காலி ஆணியிலும் மற்ற ஆணிகளைப் போலவே ஒரு கணம் நின்று, அதைத் தாண்டி அடுத்ததுக்குப் போனாள். கடைசி ஆணி வரைக்கும் பார்த்து முடித்தாள்.

"எல்லாரும் ஏறியாச்சு" என்றாள்.

ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், குரல் அவ்வளவு பெரிசு. பெரியவர் தோளில் கிடந்த மஃப்ளரை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"வாங்க மாமா, சாப்புட்டுப் போலாம்" என்றாள். "நேரமாயிடுச்சு."